சார்ஜ், பெயர்ச்சொல்

ஆம்புலன்ஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது தனுஷ்கோடிக்கு அந்தச் சொல் மறுபடியும் வந்துவிட்டது. வரக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி செண்பகவல்லி கண்மூடி நீட்டிப் படுத்திருக்கிறாள், அவள் வாயில் செருகிய குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர் பை, அதை நர்ஸ் ரெஜினா அமுக்குகிறாள், விடுகிறாள், அமுக்குகிறாள், விடுகிறாள், அந்த அமுக்கலில்தான் செண்பகத்தின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, இதைப் பார்த்துக்கொண்டு கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற புருஷன்காரன் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி யோசிப்பானா? மனுஷனாக இருந்தால் யோசிக்க மாட்டான். சார்ஜ். இதோ, வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மூளையில ரத்தம் ரொம்பப் பரவிருச்சு சார், மெஷின்தான் மூச்சு விடுது, டிஸ்சார்ஜ் பண்ணிக்கிறதுன்னா பண்ணிக்குங்க" என்று சொன்னபோதே மனசு அந்தச் சொல்லை இரண்டாகப் பிளந்துவிட்டது. சார்ஜுக்கு முன்னால் ஒரு டிஸ். ஏற்றியதை இறக்குவது. துப்பாக்கியிலிருந்து குண்டு, புண்ணிலிருந்து சீழ், ஜெயிலிலிருந்து கைதி, வேலையிலிருந்து ஆள், ஆஸ்பத்திரியிலிருந்து செண்பகம். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எதற்கு ஆட்டினோம் என்பது, தாளை நீட்டி "சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றபோதுதான் புரிந்தது. பொறுப்பு. அதுவும் சார்ஜ்தான்.

அந்தச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது நேற்று இன்றல்ல. காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்கிற வாத்தியார்தானே என்று திருச்சிப் பதிப்பாளர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையடக்கமாக ஒரு அகராதி செய்து தரச் சொன்னார். ஏ முடிந்தது, பி முடிந்தது, சி-யில் வந்து சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. கட்டணம் என்று எழுதினார். மின்னேற்றம் என்று எழுதினார். குற்றச்சாட்டு, பாய்ந்து தாக்குதல், பொறுப்பு, சுமை, ஆணை. எழுத எழுத இன்னும் ஒன்று எட்டிப் பார்க்கும். "ஊர்ல எல்லாரும் சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க, நீங்க மட்டும் இன்னும் ப்ளக்குலயே வச்சிருக்கீங்க" என்பாள் செண்பகம். அவளுக்கு என்ன, வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லை அவரைவிட அதிகமாகச் சொன்னவள் அவள்தான். மின்வாரிய ஆபீஸில் வசூல் கவுண்டர். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கரண்டு சார்ஜ் கட்ட இன்னிக்குக் கடைசி நாள், கூட்டம் போடாதீங்க, வரிசையில வாங்க என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவாள். அவள் சொல்லும்போது அந்தச் சொல் அடங்கி ஒடுங்கி ஒரே அர்த்தத்தில் நிற்கும். இவர் கையில் வந்தால்தான் அதற்குத் துளிர் விடும். கடைசியாக அவள் பேசியதிலும் அதுதான் இருந்தது. "என் சார்ஜர எங்க வச்சீங்க?" சமையலறைப் பக்கமிருந்து கேட்டாள். "அங்கதான் இருக்கும்" என்றார், தலையைத் தூக்காமல். அப்புறம் தொப்பென்று சத்தம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போக வேறு ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா? சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். சார்ஜர். சார்ஜர் டி.வி.க்குப் பின்னால் இருந்தது, இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தார்.

பாலம் இறங்கி டோல்கேட் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மச்சினன் அருணகிரி போனில் பேசிக்கொண்டு வருகிறான். செண்பகத்தின் தம்பி. முசிறியில் நாலு பேர் அவன் சொல்லைக் கேட்பார்கள், அந்த நாலு பேரில் தனுஷ்கோடி முதல் ஆள். "வீட்டுக்குக் கொண்டுபோயிடணும் மாமா, உசிரோட வாசப்படி தாண்டணும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவன்தான் சொன்னான். ஆஸ்பத்திரியில் போய்விட்டால் பிணமாகத்தான் வீட்டுக்கு வரும், வெளியே விழுந்த பிணத்தை உள்ளே ஏற்றக் கூடாது, தெருவிலேயே பந்தல் போட்டுக் கிடத்த வேண்டும், அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் அவளுக்குக் கூடம் இல்லையா என்று கேட்டுவிட்டு அழுதான். பெரிய மீசைக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது. இவர் சரி என்றார். எப்போது சரி சொல்லாமல் இருந்திருக்கிறார்? குழந்தை குட்டி இல்லை, கலந்து பேச வேறு ஆள் இல்லை. இப்படிக் கொண்டுபோவது இந்தப் பக்கத்தில் புதிதும் இல்லை, பையை அமுக்கிக்கொண்டே வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுவிட்டு அமுக்குவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். நிறுத்துவதற்கென்று ஒரு பயணம். வண்டியில் ஏற்றி, வண்டியிலிருந்து இறக்கி. இந்தச் சொல்லே வண்டியில் பிறந்ததுதானே. கார்ரஸ் என்றால் ரோமாபுரிக்காரன் பேச்சில் பாரவண்டி. அதுவும் அவன் சொந்தச் சொல் இல்லை, வடக்கே காட்டில் இருந்த வேற்று இனத்தாரிடம் வாங்கியது. அதிலிருந்து கர்ரிகாரே, வண்டியில் பாரம் ஏற்று. அது பிரெஞ்சுக்குப் போய்த் தேய்ந்து சார்ஜ் ஆனது. ஏற்றுகிறவன் ஏற்ற, மாடு இழுக்க, பாரம் என்பது சாமானிலிருந்து கடமைக்கு ஏறியது, கடமையிலிருந்து காசுக்கு, காசிலிருந்து குற்றத்துக்கு. கார், கார்கோ, கேரி எல்லாம் பங்காளிகள். முகத்தில் ஒரு மூக்கை மட்டும் பெரிதாக்கிப் பாரம் ஏற்றி வரைகிற கேலிப் படமான கேரிகேச்சர் கூட அந்த வம்சம்தான். எவ்வளவு அழகாக இருந்தது இதைக் கண்டுபிடித்த அன்று! ஓடிப்போய்ச் செண்பகத்திடம் சொன்னார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப எல்லாப் பாரத்தையும் மாடுதான் இழுத்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

நொச்சியம் தாண்டி வண்டி வேகம் எடுத்தது. இரண்டு பக்கமும் வாழை. ரெஜினா கை மாற்றினாள், வலது கை ஓய்ந்துபோயிருக்க வேண்டும், இடது கையால் அமுக்கத் தொடங்கினாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. எத்தனை பேரை இப்படிக் கொண்டுபோய் விட்டிருப்பாள்? கேட்கவில்லை. இரும்புக் கட்டில் ஓரத்தில் செண்பகத்தின் கை தொங்காமல் இருக்க அதைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ஊசி குத்திய இடமெல்லாம் நீலம். இந்தக் கைதான் அந்த மெமோவைக் கிழித்தது. சார்ஜ் மெமோ. இவளுக்கு, இவளுக்கா என்று ஆபீஸே வாயைப் பிளந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் பில் பாக்கி வைத்த பெண்பிள்ளைகள் ஹாஸ்டலுக்குக் கரண்டைத் துண்டிக்கச் சொல்லி வந்த உத்தரவைக் கவுண்டரிலேயே அமுக்கி வைத்துக்கொண்டாள் என்று குற்றச்சாட்டு. "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்துரு செண்பகம், எதுக்கு வம்பு" என்றார் இவர். "நீங்க குடுங்க" என்று சொல்லிவிட்டு மெமோவை அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். விசாரணை அதிகாரி முன்னால் நின்று என்ன பேசினாளோ, மெமோ தானாக அமுங்கிப்போனது. இவருக்கும் ஒரு சார்ஜ் உண்டு. லத்தி சார்ஜ். வாத்தியார்கள் போராட்டத்தில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தபோது போலீஸ்காரன் தடியை ஓங்கியதுதான் தெரியும், செருப்பை விட்டுவிட்டு ஒரே ஓட்டம். ஒரு லாண்டரிக்குள் புகுந்து மற்றவர்கள் துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். வெறுங்காலோடு வீட்டுக்குப் போனதும் செண்பகம் மேலும் கீழும் பார்த்தாள். "அடி எங்கயும் படலையே?" "படல." "படாது. உங்க மேல எப்படிப் படும்" என்று சொல்லி, சுடுதண்ணீர் வைத்துக் காலை ஊற வைத்தாள். அதில் கேலியும் இருந்தது, ஆறுதலும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கு இன்று வரைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அகராதியில் அவர் கடைசியாக முட்டிக்கொண்டு நின்றது இன்னொரு அர்த்தத்தில். பொறுப்பு என்பது மட்டுமில்லை, யாருடைய பொறுப்பில் ஒரு உயிர் விடப்படுகிறதோ அந்த உயிருக்கும் அதே பெயர்தான். ஆயாவிடம் விட்ட குழந்தை ஆயாவின் சார்ஜ். பாதிரியின் சபை பாதிரியின் சார்ஜ். சுமப்பதும் சார்ஜ், சுமக்கப்படுகிறதும் சார்ஜ். தமிழில் என்ன போடுவது? அடைக்கலம் என்றால் தானாக வந்து கேட்டது போல ஆகிவிடுகிறது. கையடை என்று ஒரு பழஞ்சொல் உண்டு, இந்தா, பார்த்துக்கொள் என்று ஒருவர் கையில் அடைப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்காது சார் என்று பதிப்பாளர் அடித்துவிட்டார். கல்யாணத்தன்று இந்தக் கையை அவள் அப்பா தன் கையால் பிடித்து இவர் கையில் வைத்தார், தாரை வார்த்த தண்ணீர் முழங்கை வரை ஒழுகிச் சட்டை நனைந்தது, இவருக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது, புதுச் சட்டை. பார்த்துக்கங்க மாப்ள என்றார் கிழவர். பார்த்துக்கொண்டாரா? யாரை யார் பார்த்துக்கொண்டது? காலையில் காப்பியிலிருந்து ராத்திரி கொசுவலை வரைக்கும் அவள்தான், பாங்கு அவள், பால்காரன் அவள், வீடு கட்டினது அவள், கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது அவள். அவளுடைய சார்ஜ் இவர். இப்போது திடீரென்று மாற்றிக்கொள் என்றால்? கையெழுத்து மட்டும் இவருடையது. அந்தத் தாளில் பேனா ஓடவில்லை, உதறி உதறிப் போட்டார். தூ, என்ன ஜென்மம் இது. சாகக் கிடப்பவள் பக்கத்தில் உட்கார்ந்து அகராதி புரட்டுகிற ஜென்மம். ஆனால் புரட்டுவதை நிறுத்தினால் குழாய் தெரிகிறது, குழாயைச் சுற்றி உதட்டோரத்தில் ஒட்டியிருக்கிற பிளாஸ்திரி தெரிகிறது, பிளாஸ்திரிக்குக் கீழே அவள் உதடு வெடித்திருப்பது தெரிகிறது. அதற்குச் சொல்லே பரவாயில்லை.

அப்போதுதான் விரல் அசைந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதால் இருக்கும் என்று நினைத்தார். மறுபடி அசைந்தது, அவருடைய சுண்டுவிரலைச் சேர்த்து மடங்கியது, பிடிமானம் போல ஒன்று, இல்லை, பிடிமானமேதான். "சிஸ்டர், கை... கை அசையுது." ரெஜினா எட்டிப் பார்த்தாள். "அப்படி ஆகும் சார். நரம்புதான்." "நரம்புன்னா? அவளுக்குத் தெரிஞ்சு பிடிக்கலையா?" அவள் பையை அமுக்குவதை ஒரு கணம் நிறுத்தினாள். நிறுத்தியதும் இவருக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆனால் செண்பகத்தின் நெஞ்சு லேசாக, யாரும் அமுக்காமல், தானாக உயர்ந்தது. உயர்ந்து, நெடுநேரம் யோசித்துவிட்டு இறங்கியது. ரெஜினா மறுபடி அமுக்கத் தொடங்கினாள். "கொஞ்சம் தானா இழுக்குறாங்க சார். காலையிலயே மெஷின்ல காட்டுச்சு." "டாக்டர் சொல்லலையே?" "இழுத்தாலும் நிலைக்காது சார். சில பேருக்கு ரெண்டு மணி நேரம், சில பேருக்கு ரெண்டு நாள். எந்திரிச்சு உக்கார மாட்டாங்க." சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுந்து உட்கார மாட்டாள். சரி. எழுந்து உட்காராதவர்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோமா? திரும்பிப் போகச் சொல்ல வேண்டும். அருணகிரி, வண்டியத் திருப்பச் சொல்லு. எவ்வளவு சின்ன வாக்கியம், எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக இருக்கிறது, வாய்க்குள் உருண்டுகொண்டு நிற்கிறது. திரும்பினால் என்ன செய்வார்கள்? மெஷினில் போடுவார்கள். தொண்டையில் ஓட்டை போடுவார்கள். பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைப்பார். அதை அவள் விரும்புவாளா? விரும்ப மாட்டாள். இதை விரும்புவாளா? யாரைக் கேட்பது? கேட்க வேண்டிய ஒரே ஆள் வாயில் குழாயோடு படுத்திருக்கிறாள். குணசீலம் வளைவு வந்தது. சித்தம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து தங்க வைக்கிற பெருமாள் கோவில். என்னை இங்கே இறக்கிவிட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னால் அதுவாவது வாயிலிருந்து வருமா என்று பார்த்தார். அதுவும் வரவில்லை, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முசிறி எல்லையில் கோரைப்பாய் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே திரும்பியதால் வண்டி நின்றது. பக்கத்துச் சுவரில் செண்பகம் இருந்தாள். முதலில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல. பணி ஓய்வு விழாவில் எடுத்த படம். கழுத்தில் இருந்த மாலையை வெட்டியெடுத்துவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்கு மட்டும் தனியாகப் பெருத்துத் தெரிந்தது. மேலே கறுப்பு எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே மறைவு என்று போட்டு இன்றைய தேதி. நாளை காலை இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம். அதற்கும் கீழே ஆழ்ந்த வருத்தத்துடன் என்று ஒரு பட்டாளத்தின் பெயர்கள், அதில் முதல் பெயர் அருணகிரி, தனுஷ்கோடியின் பெயரும் இருந்தது, சின்ன எழுத்தில். பசை இன்னும் காயவில்லை, ஓரம் நெளிந்திருந்தது. அவர் கையில் அவள் கை சூடாக இருந்தது. "மாப்ள" என்றார். குரல் வந்துவிட்டது, அதுவே ஆச்சரியம். முன் சீட்டிலிருந்து அருணகிரி தலையைத் திருப்பினான், அவனும் பார்த்துவிட்டான். "பசங்க அவசரப்பட்டுட்டானுங்க மாமா. நாளைக்கு மூர்த்த நாளு, சாயங்காலத்துக்கு மேல பிரஸ்ல ஆள் இருக்க மாட்டான்னு முன்னாடியே அடிச்சுட்டானுங்க. ராத்திரிக்கு மேல ஒட்டுங்கடான்னுதான் சொன்னேன்." "அவ உசிரோட இருக்காடா." "தெரியும் மாமா." "கை சூடா இருக்குடா." "தலைக்கு மேல போயிருச்சு மாமா, இனி சாண் என்ன, முழம் என்ன. வெளியூருக்கெல்லாம் சொல்லியாச்சு. சித்தப்பா பஸ் ஏறிட்டாரு." அருணகிரி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். லாரி ஒதுங்கியது. அடுத்த சுவரிலும் அவள் இருந்தாள், அதற்கடுத்த மின்கம்பத்திலும் இருந்தாள், கடைத்தெரு முழுக்க அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டார். வண்டி தெருவுக்குள் திரும்புவது உடம்புக்குத் தெரிந்தது.

வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. சிவப்பு நாற்காலிகள் வரிசையாக, அதில் ஆட்கள், கையில் மாலைகள், பந்தல் ஓரத்தில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி வயரோடு தயாராக. வண்டிக் கதவு திறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அருணகிரி முன்னால் ஓடி வழி விலக்கினான், நாலு பேர் கட்டிலோடு தூக்கினார்கள், ரெஜினா பையை அமுக்கிக்கொண்டே பக்கவாட்டில் நடந்தாள், இவர் கையை விடாமல் பின்னால் போனார். வாசப்படி தாண்டியது. உசுரோட வந்துட்டா, மகராசி, உசுரோட வந்துட்டா என்று ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது. கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் எதையும் சொல்லவில்லை, தலையும் ஆட்டவில்லை, ஆனால் அருணகிரி ஆட்டினான். அவள் பிளாஸ்திரியைப் பிரித்தாள், குழாயை உருவினாள், சளியும் ரத்தமுமாக அது வெளியே வந்தது. அவ்வளவுதான், பெண்கள் கூட்டம் ஓவென்று எழுந்து மாரில் அடித்துக்கொண்டது. வெளியே ஒருவன் சங்கு ஊதினான். தனுஷ்கோடி மட்டும் அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியது. இறங்கியது. வெகுநேரம் கழித்து, தொண்டையில் ஒரு கரகரப்போடு, மறுபடி ஏறியது. முன்வரிசையில் இருந்தவளும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் அழுகை பாதியில் நின்றது, அவளைப் பார்த்து அடுத்தவள் நிறுத்தினாள், கொஞ்ச நேரத்தில் கூடமே என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. சங்கு ஊதுகிறவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாழிகை போயிருக்கும். மூச்சு நிற்கவில்லை. கூடத்தில் குசுகுசுவென்று பேச்சு. வீட்டைப் பாக்கணும்னு இருந்திருக்கா, அதான். இல்லடி, மனசுல ஏதோ குறை. எதிர்வீட்டுக் கோமளா ஒரு டம்ளரில் பாலும் ஸ்பூனுமாக வந்தாள். "அண்ணே, ஆசை அடங்காம இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பால் ஊத்துனா நிம்மதியாப் போயிரும். நீங்கதான் மொதல்ல ஊத்தணும்." டம்ளர் அவர் கைக்கு வந்துவிட்டது. இளஞ்சூடு. யார் வைத்தார்கள் என்று தெரியாமலே கைக்கு வந்து சேருகிற எத்தனையோ சாமான்களில் இதுவும் ஒன்று. எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அருணகிரி அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்தான், வாய் தானாகத் திறந்துகொண்டது. ரெஜினா இன்னும் போகாமல் கதவோரத்தில் பையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கிட்டே வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "முழுங்க மாட்டாங்க சார், நெஞ்சுக்குள்ள போயி அடைச்சிரும்" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தெரியும். இங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு ஸ்பூன். பால் தளும்பி விரலில் வழிந்தது. ஊத்துங்க மாமா என்றான் அருணகிரி, அவன் கண்ணிலிருந்து அக்காவின் நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊத்துங்கண்ணே. ஊத்துங்க சார். இத்தனை பேர் சொல்லி இவர் செய்யாமல் இருந்த காரியம் என்று ஒன்றாவது உண்டா? செண்பகத்தின் நெஞ்சு ஏறியது. மனசுக்குள் ஒரு சொல் கூட இல்லை, எந்த பாஷையிலும் இல்லை. தனுஷ்கோடி டம்ளரைத் தூக்கித் தன் வாயில் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் கடகடவென்று குடித்தார்.

கூடத்தில் யாரோ ஐயோ என்றார்கள். கோமளா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, என்ன காரியம் பண்றீங்க" என்று அருணகிரி எழுந்தான். இவர் காலி டம்ளரைத் தரையில் வைத்தார். "அவ இன்னும் சாகல மாப்ள. வண்டி நிக்குதான்னு பாரு." "வண்டியா? ஆஸ்பத்திரியில கை விரிச்சாச்சு மாமா. கொண்டுபோயி என்ன ஆகப்போகுது?" "ஒண்ணும் ஆகாது." "வழியிலயே போயிரும் மாமா." "போகட்டும். இப்படி வாயத் தொறந்து வச்சுக்கிட்டு நான் ஊத்த மாட்டேன். நீயும் ஊத்தக் கூடாது." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அருணகிரி அவரை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தான், பிறகு அக்காவின் தலையை மெல்லத் தலையணையில் இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ரெஜினாதான் வெளியே ஓடி, டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரைக் கூப்பிட்டாள். இந்த முறை தூக்க ஆள் வரவில்லை, சங்கு ஊதியவன் வந்து கால்மாட்டைப் பிடித்தான், கொஞ்ச நேரம் கழித்து அருணகிரியும் எழுந்து வந்தான். பந்தலில் மாலையோடு நின்றவர்கள் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒதுங்கி வழி விட்டார்கள். தைரியத்தில் செய்கிறாரா, கோழைத்தனத்தில் செய்கிறாரா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளிடம் கேட்டால் சொல்லியிருப்பாள். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அவள் கையைத் தேடி எடுத்தபோது, ஐஸ் பெட்டிக்காரன் கதவருகே வந்து நின்றான். "சார், கோச்சுக்காதீங்க. அப்ப இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போகவா?" தனுஷ்கோடி செண்பகத்தின் நெஞ்சைப் பார்த்தார். அது ஏறக் காத்திருந்து, ஏறியதைப் பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினார்.

"இருக்கட்டும்ப்பா. திரும்பி இங்கதான் வருவோம்."